நாலுக்கு நாலில் மழை

— இங்க உட்காரலாமா? இல்ல, எதிராளிகிட்டப் பேசக்கூடாதுன்னு உன் கோச் சொல்லியிருக்காரா?

— உட்காரு. அந்த ஈரத் துண்டை மட்டும் என் மட்டை மேல போடாத.

— அதே டாம்ஸின்தான், மாறவே இல்ல. விம்பிள்டன் ஜூனியர் கால் இறுதி, கடைசி செட்டு நாலுக்கு நாலு, வெளிய மழை ஊத்துது. இவளுக்கு மட்டை நனையுதாம்.

— நனைஞ்சா பிடி வழுக்கும் ரோனா.

— வழுக்கட்டுமே. எனக்கு நல்லதுதானே. இந்தா, வாழைப்பழம். பாதி போதுமா?

— முழுசாக் குடு. முத செட்டுல என்னை அந்த ஓட்டம் ஓட விட்டல்ல?

— ரெண்டாவது செட்டுல நீ பழி வாங்கிட்டியே. தொடையெல்லாம் இன்னும் துடிக்குது, தொட்டுப் பாரு. சரி, ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க. இப்போதைக்கு விடற மழை இல்ல. நம்ம ரெண்டு பேரைத் தவிர இந்த ரூம்ல ஈ காக்கா இல்ல. பேசுடி.

— என்ன பேச?

— என்ன பேசவா? பன்னெண்டு வயசுலேர்ந்து மூணு வருஷம் ஒரே டென்னிஸ் விடுதி, ஒரே ரூம். மேல் கட்டில் நான், கீழ்க் கட்டில் நீ. அப்புறம் ரெண்டு வருஷமா ஒரு பேச்சு இல்ல. நேத்து ஆட்ட அட்டவணையில உன் பேருக்கு எதிர என் பேரைப் பார்த்ததும் மூணு தடவை திரும்பத் திரும்பப் படிச்சேன். உனக்கு ஒண்ணும் ஆகலையா?

— ஆச்சு.

— என்ன ஆச்சு?

— சோறு எறங்கல. விடு.

— விட மாட்டேன். நான் ஸ்பெயினுக்குப் போனப்புறம் நீ ஏன் போன் பண்றதை நிறுத்தின?

— ஒரு நாள் பண்ணேன். நீ எடுத்துட்டு, என்கிட்டப் பேசாம ஸ்பானிஷ்ல யார்கூடவோ சிரிச்சுக்கிட்டே இருந்த. புது சிநேகிதம் கிடைச்சுருச்சு, நாம எதுக்கு நடுவுலன்னு வெச்சுட்டேன்.

— அட பாவி. அது நாய்டி!

— என்னது?

— சத்தியமா. கோச் வீட்டு நாய். எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் அது ஒண்ணுக்குத்தான் புரிஞ்சுது. ஒரு வருஷம் நான் வாய் விட்டுப் பேசினது அந்த நாய்கிட்ட மட்டும்தான். நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டு என்னை வெட்டி விட்டியா நீ?

— சிரிக்காத.

— நான் சிரிக்கல. நீதான் சிரிக்கிற. அப்பாடா, சிரிக்கிறா. ரெண்டு வருஷத்துல இந்தப் பல்லை இப்பதான் பார்க்கறேன்.

— நீ போனப்புறம் அந்த ரூம்ல எனக்குத் தூக்கமே வரல ரோனா. மேல் கட்டில்லேர்ந்து பேச்சு நின்னாத்தானே தூங்குவேன்? பேச்சே ஆரம்பிக்கல. அப்ப எப்படித் தூங்கறது?

— இதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?

— சொன்னா? வந்திருப்பியா?

— வர விட்டிருக்க மாட்டாங்க. உனக்கு ஞாபகம் இருக்கா, அன்னிக்கு கோச்சுங்க நம்மளைக் கூப்பிட்டு உட்கார வெச்சு என்ன சொன்னாங்கன்னு? இரட்டையர் ஆட்டத்துல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சுக்கிட்டு நிக்கறீங்க, ஒருத்தியை நகர்த்தினா இன்னொருத்தி விழுந்துடுவா, அதனால தனித்தனியாத்தான் வளரணும்னு. நல்லா வளர்ந்தோம். நான் ஸ்பெயின்ல அலிகான்டே பக்கத்துச் செம்மண் ஆடுகளத்துல, நீ இங்கப் புல்லுல.

— நடுவுல வர்ற பந்தை நான் இன்னும் விட்டுடறேன்.

— என்ன?

— இரட்டையர்ல. உனக்கப்புறம் யார் யாரையோ ஜோடி சேர்த்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல பந்து வந்தா அது உன்னோடதுன்னு கால் தானா நின்னுடும். அந்தப் பொண்ணுங்க என்னை முறைப்பாங்க. அப்புறம் இரட்டையரே வேணாம்னுட்டேன்.

— டாம்ஸ்.

— சும்மா சொன்னேன். அழுது வெக்காத, கண்ணு வீங்கினா பந்து தெரியாது.

— அழல. பழத்தை முழுசாக் குடுத்துட்டேனேன்னு இருக்கு. சரி, வீட்டுல எல்லாரும் எப்படி? உங்க அப்பா வந்திருக்காரா? மேட்ச்சு நடக்கும்போது தேடினேன், அம்மாவும் உன் தம்பி ஜாகோவும்தான் தெரிஞ்சாங்க.

— அப்பா ஊர்ல. மீன் படகை விட்டுட்டு வர முடியாது.

— அம்மா மட்டும் எப்படி வந்தாங்க?

— அவங்க இப்ப இங்கதான். நீ ஸ்பெயின் போன அந்தக் கோடையிலேயே எனக்காக எங்க கார்ன்வால் நியூலின்லேர்ந்து கிளம்பி லண்டன் வந்துட்டாங்க. நான் விடுதியில தனியா வாடறேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல வேலை. ஜாகோவையும் கூட்டிட்டு வந்தாங்க. அவன் இப்ப சுத்த லண்டன்காரனாப் பேசறான். போன வாரம் அப்பா போன்ல என்னமோ சொன்னப்போ, அவர் பேசறது புரியலன்னு என்கிட்டக் கேக்கறான்.

— உங்க அப்பா பேச்சு எனக்கே புரியாது.

— அவன் அவரு பிள்ளை ரோனா.

— ம். தப்பாச் சொல்லிட்டேன்.

— ஞாயித்துக்கிழமை பேசுவாரு. பேச ஒண்ணும் இருக்காது. இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு சொல்வாரு. நானும் கேட்டுக்குவேன். அம்மாகிட்டக் குடுத்தா அம்மா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு வெச்சுடுவாங்க. சண்டை எல்லாம் இல்ல. ஒரு வீடு ரெண்டாச்சு, அவ்வளவுதான். எல்லாம் இந்த ஒரு மட்டைக்காக.

— அதனாலதான் நீ இப்படி ஆடறியா? எங்க கோச் சொல்வாரு, அந்த கார்ன்வால் பொண்ணுக்கு உள்ள இரும்பு இருக்கு, உனக்குப் பஞ்சு இருக்குன்னு. எனக்குக் கோவம் கோவமா வரும். இன்னிக்கு வலைக்கு அந்தப் பக்கம் உன் மூஞ்சியைப் பார்த்தேன். ஒண்ணும் அசையல. பயந்துட்டேன்.

— ஆடித்தானே ஆகணும்.

— எனக்கும்தான்டி. என் நிலைமையைக் கேளு. அக்டோபர்ல எனக்குப் பதினெட்டு. ஜூனியர்ல இதுதான் கடைசி. எங்க ஊர் ஆர்ப்ரோத்துல அப்பா இன்னிக்கு பஸ் ஓட்டறாரு. ஒவ்வொரு கடைசி ஸ்டாப்புலயும் வண்டியை நிறுத்திட்டு போன்ல ஸ்கோர் பார்க்கறாராம். பஸ்ல ஏறுற கிழவிங்க எல்லாம், உம் பொண்ணு என்ன ஆனான்னு கேட்டுட்டுத்தான் உட்கார்றாங்களாம். நான் அந்த நாய்கூடப் பேசிக்கிட்டுக் கிடந்ததுக்கு, எங்க அம்மா கையால சாப்பிடாம இருந்ததுக்கு, எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் வேணும். நாளைக்கு அரையிறுதி. அந்தப் பெரிய ஆடுகளத்துல ஒரே ஒரு தடவை நடந்து போகணும். ஜெயிக்கக்கூட வேணாம். நடந்து போனாப் போதும்.

— போவ.

— நீ விட்டாத்தானே?

— பிள்ளைங்களா, மழை விட்டுடுச்சு. தார்ப்பாயை எடுத்துட்டாங்க. உடம்பைச் சூடு பண்ணிட்டு வாங்க.

— வர்றோம் மேடம். ஒரு நிமிஷம், இவ வாயில பாதிப் பழம் வெச்சிருக்கா.

— எதிராளிங்கதானே நீங்க?

— நெட்டுக்கிட்டப் போனதும் எதிராளி ஆகிடுவோம் மேடம். டாம்ஸ், ஒண்ணு சொல்லட்டுமா? ஜெயிக்கிறது யாரா இருந்தாலும், அடுத்த வருஷம் பெரியவங்க போட்டி, சின்னச் சின்ன ஊரு. எங்க அண்ணனோட பழைய கார் இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம். இரட்டையர் ஆடலாம். ராத்திரி முழுக்க நான் பேசறேன், நீ தூங்கு. என்ன சொல்ற?

— முதல்ல இந்த செட்டை முடி.

— சரின்னு சொல்லுடி.

— வா, கூப்பிடறாங்க.

⁂

— கையைக் குடு. நல்லா ஆடின.

— நீயும்தான்.

— அந்தக் கடைசிப் பந்து கோட்டு மேல விழுந்துச்சா?

— விழுந்துச்சு ரோனா. சுண்ணாம்பு பறந்துச்சு.

— நானும் பார்த்தேன். சும்மா கேட்டு வெச்சேன். ஏழுக்கு அஞ்சு. போ, நடுவருக்குக் கை குடு. எல்லாரும் உனக்காக எழுந்து நிக்கறாங்க. நான் முன்னால உள்ள போறேன், இங்க அழ முடியாது.

⁂

— ரோனா. கதவைத் தொற.

— தொறந்துதான் இருக்கு. தள்ளு. உனக்கு என்ன இங்க வேலை? பத்திரிகைக்காரங்க தேடுவாங்க. இங்கிலாந்துப் பொண்ணு அரையிறுதின்னு நாளைக்கு எல்லா ஊர்லயும் உன் படம்தான்.

— அப்பாகிட்டப் பேசினியா?

— பேசினேன். பஸ்ஸை ஓரமா நிறுத்திட்டாரு. வீட்டுக்கு வான்னு மட்டும் சொன்னாரு. சனிக்கிழமை ரயில். அம்மா ஸ்டேஷனுக்கு வர்றாங்களாம். என்ன அப்படிப் பார்க்கற? பாவம் பார்க்காத, அறைஞ்சுடுவேன்.

— பாவம் பார்க்கல.

— பின்ன?

— சனிக்கிழமைக்கெல்லாம் வீட்டுல இருப்ப.

— ஆமா. தோத்தவங்களுக்குக் குடுக்கற பரிசு அது. மூணு நாள் படுத்துக் கிடப்பேன். அப்புறம் மறுபடி மட்டையைத் தூக்குவேன், வேற என்ன தெரியும் எனக்கு? உங்க அம்மா எங்க?

— வெளிய. அழுதுக்கிட்டே யார் யாரையோ கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க. இனி லண்டனை விட்டுப் போற பேச்சே இல்லைன்னு ஜாகோகிட்டச் சொல்றது காதுல விழுந்துச்சு.

— சொல்லத்தானே செய்வாங்க. சம்பாதிச்ச சந்தோஷம். நீ ஏன்டி செத்த மூஞ்சியா நிக்கற? இந்த இடத்துக்கு நான் என்ன வேணா குடுப்பேன், தெரியுமா உனக்கு? இந்தா பாரு, எனக்குத் துக்கம் இருக்கு, இல்லைங்கல. ஆனா வேற யார்கிட்டயாவது தோத்திருந்தா இன்னும் வலிச்சிருக்கும். நாளைக்கு அந்த ஆடுகளத்துல எனக்கும் சேர்த்து நட. ஜெயிச்சுடு. எனக்காக.

— அப்படிச் சொல்லாத.

— ஏன், நான் சொல்லக்கூடாதா?

— தோத்தா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க, அம்மாவும் ஜாகோவும் நானும் அப்பாகிட்டப் போயிடலாம்னுதான் இந்தப் போட்டிக்கே வந்தேன் ரோனா. மொத நாள்லேர்ந்து பார்க்கறேன், பந்து வந்தா இந்தக் கை விட மாட்டேங்குது.