கரி எரிய இருபது நிமிஷம்

— ஐம்பத்தொன்பது மணி நேரம் ஆச்சு, மாதவ்.

— எதுக்கு?

— தீப்பிடிச்சு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழேகாலுக்குப் பிடிச்சுது. இப்போ செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறேகால். இன்னும் நீ யார்கிட்டயும் வாயைத் திறக்கலை.

— சஹானா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன். தேஹு ரோடு தாண்டற வரைக்கும் இந்த லாரிக்காரங்க கூட மல்லுக்கட்டணும். அப்புறம் பேசலாம்.

— அப்புறம்னா? ஏழு மணிக்கு அபார்ட்மென்ட் சொசைட்டி மீட்டிங். இன்னிக்கு, பாவம், கூட்டிப் பெருக்கற அந்தோணியம்மாவை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்க.

— தெரியும். நானும் கமிட்டில இருக்கறவன்தான்.

— அதான் கேக்கறேன்.

— டேஷ்போர்டுல இந்த லைட்டும் இன்னிக்குப் பார்த்தா எரியணும்? ஆபீஸ்லருந்து வர்றப்பவே எரிய ஆரம்பிச்சுருச்சு. இருபது நிமிஷம் எழுபதுல ஓட்டுங்க, புகை ஃபில்டர்ல அடைச்ச கரி தானா எரிஞ்சுரும்கறான் சர்வீஸ் சென்டர்காரன். வாகட்ல நம்ம வீட்டுலருந்து ஹிஞ்சேவாடி ஆபீஸ் ஆறு கிலோமீட்டர். அதுல எழுபதுக்கு எங்க போறது? ஏழுல போயிட்டு இருக்கோம்.

— ரீகால் ரிப்பேருக்கு முன்னாடி இந்த லைட் எரிஞ்சதே இல்லை.

— முன்னாடி விஷப்புகையைத் தாராளமா வெளில விட்டுட்டு இருந்துச்சு. கம்பெனிக்காரன் கூப்பிட்டு அதைக் குறைச்சு விட்டான். இப்ப உள்ள கரி சேருது. என்னத்துக்கு இந்த டீசலை வாங்கினோம்னு இருக்குது.

— ஊருக்குப் போக டீசல்தான் லாபம்னு சொன்னே. கோயமுத்தூர் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்னு என் அப்பாகிட்ட கணக்கெல்லாம் போட்டுக் காமிச்சே. நிக்டில எங்க வீட்டு சோஃபால உக்காந்து.

— சரி, போனோமில்ல?

— ஒரே ஒரு தடவை. அப்புறம் ரெண்டு தடவையும் ஃப்ளைட்.

— போச்சாது விடு.

— நீ பேச்சை மாத்தறே, மாதவ். ஞாயித்துக்கிழமையும் இதே லைட்தான். நீ பாதிலேயே திரும்பி வந்தே.

— ஆபீஸ்லருந்து ரிலீஸ் கால் வந்துருச்சு. அது உனக்கே தெரியும். கரி எரிஞ்சுட்டு இருக்கறப்ப ஆஃப் பண்ணக்கூடாது, பண்ணினா அடைச்சுக்கும்னு சொல்லியிருந்தான். அதனால இன்ஜினை ஓடவிட்டு, பின்பக்கமா நிறுத்திட்டு, மேல வந்து லேப்டாப்பை எடுத்தேன். கால் மணி நேரம் இருக்குமா?

— பின்பக்கம்னா எங்கே?

— சுவரோரமா.

— அந்தோணியம்மா கூட்டி வெச்ச சருகு மேல. நான் பால்கனில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். சைலன்ஸர் சருகுக்குள்ள புதைஞ்சு இருந்துது. அதாவது, அந்த நேரத்துல அந்தக் குழாய்க்குள்ள அறுநூறு டிகிரி இருக்கும். காய்ஞ்ச இலை பத்தறதுக்கு அதுல பாதி போதும்.

— உனக்கு எல்லாமே டிகிரிதான். லேப்ல தண்ணியை டெஸ்ட் பண்றவங்களுக்குத் தீயைப் பத்தி என்ன? நான் இறங்கி வந்து வண்டியை எடுத்தப்பத் தீ இல்லை.

— புகை இருந்துது.

— டீசல் வண்டின்னா புகை இருக்கும்.

— ரிப்பேர் பண்ணின வண்டிக்குமா? நீ பேஸ்மென்ட்ல கொண்டு போய் விட்டே. அஞ்சு நிமிஷத்துல சருகு எரியுது, பக்கத்துல நின்ன, நம்ம பில்டிங் ஷ்ரேயஸோட ஸ்கூட்டர் எரியுது. நீதான் முதல் ஆளா பக்கெட் எடுத்துட்டு ஓடினே. சொசைட்டி வாட்ஸ்அப் க்ரூப்ல எல்லாரும் உனக்குக் கை கூப்பி அனுப்பினாங்க.

— அதை ஞாபகப்படுத்தாத. தயவுசெஞ்சு. ஒவ்வொருத்தரும் அனுப்ப அனுப்ப எனக்கு போனைத் தூக்கி எறியலாம்னு இருந்துச்சு.

— அப்போ உனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நம்ம வண்டிதான்னு, மாதவ்.

— தெரியும். பக்கெட்டைத் தூக்கறப்பவே தெரியும். சொல்லிட்டேன், போதுமா? லெஃப்ட்ல பாரு, பஸ்காரன் வர்றானா?

— வரலை. போ.

— எழுபது தொட்டாச்சு. இனி இருபது நிமிஷம். சோமாடணே போய்த் திரும்பினா சரியா இருக்கும்.

— அவங்க சருகை எரிச்சாங்கன்னு வேலையை விட்டு எடுக்கறாங்க. சருகு எரிச்சா உடனே நீக்கணும்கற ரூலை எழுதினதே நீ.

— ஏன் எழுதினேன்னு உனக்குத் தெரியாதா? ரீகால் லெட்டர் வந்தன்னிக்கு நான் சாப்பிடலை. நாலு வருஷமா அளவுக்கு மேல புகை விட்டிருக்கோம். நான் வண்டியைச் சூடு பண்ற இடத்துலதான் குழந்தைங்க சைக்கிள் ஓட்டுதுங்க. ஏதாவது நல்லது செய்யணும்னு கமிட்டிக்குள்ள போனேன். சருகு எரிக்கக்கூடாதுன்னு நான் பேசினப்ப எல்லாரும் கை தட்டினாங்க.

— நம்ம வண்டி விட்ட புகைக்கு அவங்க வேலை போறது.

— லாஜிக்கா யோசி. நான் எழுதின ரூல், என் வண்டி, நானே அணைச்சேன், நானே வாங்கின தேங்க்ஸ். இப்பப் போய் நான்தான்னு சொன்னா அந்த ஹால்ல எப்படி உக்காருவேன்? லிஃப்ட்ல யார் மூஞ்சில முழிப்பேன்?

— அவங்களுக்கு உக்கார இடமே இருக்காது. கான்ட்ராக்டர் தங்கக் குடுத்த ரூமைக் காலி பண்ணச் சொல்லுவான். ஒரு சொசைட்டில நெருப்பு வெச்சாங்கன்னு பேர் வந்தா வாகட்ல வேற எங்கேயும் சேர்க்க மாட்டான்.

— நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்.

— என்ன?

— ஒரு சான்ஸ் குடுக்கலாம்னு மீட்டிங்ல பேசறேன். வார்னிங்கோட விட்டுரலாம், வயசானவங்க, தெரியாம பண்ணியிருப்பாங்கன்னு. நான் சொன்னாக் கேப்பாங்க.

— அரே, அப்போ அவங்கதான் பண்ணினாங்கன்னு ஆயிடாதா?

— வேலை போகாதுல்ல?

— செய்யாத தப்புக்கு நீ மன்னிப்பு வாங்கித் தருவே. அவங்க உனக்கும் கை கூப்புவாங்க. அதை நீ பார்த்துட்டு நிப்பியா? சொல்லு.

— நிக்க முடியாது.

— அவ்வளவுதான்.

— நீ ஏன் இவ்வளவு உறுதியா இருக்கே? கடைல சில்லறை பாக்கி தரலைன்னாக்கூட கேக்காம வந்துருவே. வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வந்தவன் மூணு வருஷ வாரண்டி வேணுமான்னான், ஆமான்னே. வாட்டர் ஃபில்டர்காரனுக்கும் ஆமான்னே. யார் எதிர்ல நின்னு கேட்டாலும் உனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். என்கிட்ட மட்டும் வக்கீல் மாதிரி பேசறே.

— உன்கிட்ட பயம் இல்லை. அதான்.

— அழறியா?

— இல்லை. ஏசி கண்ணுல அடிக்குது.

— சரி. நான் சொல்லிடறேன்.

— என்னன்னு?

— வண்டிதான் காரணம்னு. சர்வீஸ் சென்டர் பேப்பர்ல சருகு, வைக்கோல் மேல நிறுத்தாதீங்கன்னே போட்டிருக்கான். நான் படிக்கலை. அதையும் சொல்றேன். ஸ்கூட்டரை நான் சரி பண்ணித் தர்றேன். கமிட்டிலருந்து விலகிக்கறேன். திட்டட்டும்.

— நெஜமா?

— நெஜமா. இப்பச் சொல்லிட்டதால கொஞ்சம் மூச்சு வருது. ஆனா ஒண்ணு. அப்படிச் சொல்றப்ப இன்னொரு விஷயத்தையும் கேக்காம விடமாட்டேன்.

— எதை?

— காலே சார்கிட்ட ஒரு சாட்சி இருக்குது. செக்ரட்டரிங்கறதால ரகசியமா வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை ஒரு லேடி அவர்கிட்ட சொன்னாங்களாம், அந்தோணியம்மா கைல தீப்பெட்டி பார்த்தேன்னு. அதை வெச்சுத்தான் இவ்வளவும். இல்லைன்னா வெறும் சந்தேகம்னு முடிஞ்சிருக்கும்.

— யாருன்னு சொன்னாரா?

— சொல்லலை. பேரை வெளில விடமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்காராம்.

— அப்போ விடு.

— எப்படி விடறது? என் வண்டி தெரியாம எரிச்சுது. அந்தம்மா தெரிஞ்சு பொய் சொல்லியிருக்காங்க. எதுக்கு? ஏதாவது பழைய கோபமா? எல்லார் முன்னாலயும் கேக்கப்போறேன். நானே என் மானத்தை வாங்கிக்கறப்ப அவங்க மட்டும் ஏசில உக்காந்து பிஸ்கட் சாப்பிடறதா?

— வேண்டாம், மாதவ்.

— ஏன்?

— நீ வண்டியைப் பத்திச் சொன்னா போதும். அவங்க வேலை போகாது. அந்த லேடி தப்பா பார்த்திருப்பாங்க. தூரத்துலருந்து.

— இல்லாத தீப்பெட்டியை எப்படித் தப்பா பார்க்கறது?

— காலே சார் வேகமா கேப்பார். லிஃப்ட்ல நின்னுட்டு, கதவையும் கையால பிடிச்சுட்டு, இப்படித்தானே, அப்படித்தானேன்னு. பயத்துல ஆமான்னு சொல்லியிருப்பாங்க.

— பயந்தா அதுக்குன்னு ஒருத்தங்க சோத்துல மண்ணைப் போடறதா? நீ யாருக்கும் பரிஞ்சு பேசுவே. லைட் அணைஞ்சிருச்சு பாரு. கரி எரிஞ்சாச்சு. திரும்பலாம்.

— மெதுவா போ.

— மெதுவாவா? மீட்டிங்குக்கு முன்னால போய்ச் சேரணும். என்ன, நகத்தைக் கடிச்சுட்டு வர்றே? நான்தானே பேசப்போறேன். நீ என் பக்கத்துல உக்காந்தாப் போதும்.

— நான் மேலே வீட்டுக்குப் போறேனே. தலைவலி.

— இவ்வளவு தூரம் என்னை இழுத்துட்டு வந்துட்டு இப்ப நீ வரமாட்டியா? இரு, கேட் வந்துருச்சு. யார் அது கைகாட்டறது?

— சாரு, அங்கன நிறுத்தாதீங்க, முன்னால விடுங்க. சருகு கெடக்கு. ரெண்டு நாளா யாரும் அள்ளல. என்னைய பெருக்குத ஜாடூவத் தொடக்கூடாதுன்னுட்டாவ.

— அந்தோணியம்மா, மீட்டிங் ஆரம்பிச்சாச்சா?

— இல்ல சாரு, ஆளு வந்துக்கிட்டு இருக்கு. சஹானாம்மா, ஒங்களத்தான் தேடி மேல போனேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. அதான் இங்ஙன நிக்கேன். ஒரு சொல்லு நீங்க வந்து சொல்லணும்.

— நானா, அக்கா?

— நீங்கதான். இந்த பில்டிங்ல நம்ம பாஷ பேசுத வீடு ஒங்க வீடு ஒண்ணுதான். காலே சாரு மராட்டில ஏசுனா எனக்கு அர்த்தம் வெளங்கும், பதிலு வராது. வாய் அடச்சிருது. பொறவு, பேசாம நிக்கா பாரு, அப்ப இவதான்னு சொல்லுதாவ.

— நீங்க பயப்படாதீங்க, அந்தோணியம்மா. நான் இருக்கேன்.

— நீங்க கமிட்டி சாரு. ஒங்களுக்கு ரூலு இருக்கும். யம்மாட்டத்தான் நான் கேக்கேன். ஞாயித்துக்கெழம காலைல நீங்க துணி காயப்போட்டிய. நான் சருக ஒதுக்கிப் போட்டுட்டு, பூசைக்குப் போறேன்னு கீழ இருந்து கையக் காட்டுனேன். நீங்களும் தலையாட்டுனிய. ஏழு மணிப் பூசை. நான் கேட்டத் தாண்டும்போது தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாத்தியளா இல்லையா?

— பார்த்தேன்.

— அத மட்டும் வந்து சொல்லுங்க. ஒங்க சொல்லுக்கு மதிப்பு இருக்கும்மா. படிச்ச பிள்ள.

— அந்தோணியம்மா, கேளுங்க. சஹானா சொல்லவே வேண்டாம். நானே சொல்லப்போறேன். தீ உங்களால வரலை. என் வண்டியால வந்துச்சு. சூட்டோட சருகு மேல நிறுத்திட்டேன். ரெண்டு நாளா வாயை மூடிட்டு இருந்ததும் நான்தான்.

— வண்டியாலயா?

— ஆமா.

— ஏசுவே. ஒங்களாலயா சாரு? நான் நம்ம வாட்ச்மேன் பீடிய நெனச்சுக்கிட்டு அவரு மேல கோவத்துல இருந்தேன்.

— என்னை என்ன வேணா திட்டுங்க.

— திட்டி என்னத்துக்கு? வேணும்னு செஞ்சியளா? வண்டிக்குத் தெரியுமா சருகு எது, தார் எதுன்னு. ஆனா ஒண்ணு கேக்கேன் சாரு. என் கையில தீப்பெட்டியப் பாத்தேன்னு ஒரு மேடம் சொன்னாவளாம். காலே சாரு என் மொகத்துக்கு நேரா சொன்னாரு. வண்டி வாயத் தொறந்து அத சொல்லாதுல்லா?

— அதைத்தான் இப்ப உள்ள போய்க் கேக்கப்போறேன். வாங்க. சஹானா, இறங்கு.

— எனக்கு அவங்கள ஒண்ணும் பண்ண வேண்டாம் சாரு. மொகத்த ஒருக்கப் பாத்தாப் போதும். நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்னு ஒரு வார்த்த கேக்கணும். ரெண்டு ராத்திரியா ஒவ்வொரு மொகமா நெனச்சுப் பாக்கேன். எந்த மொகமும் பொருந்த மாட்டேங்கு.

— சஹானா, என்ன உக்காந்தே இருக்கே? மீட்டிங்குக்கு நேரமாச்சு.

— அக்கா.

— சொல்லும்மா.

— கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. லைட்டுக்குக் கீழ வாங்க. என் மூஞ்சியைப் பாருங்க. உங்க கைல தீப்பெட்டி பார்த்தேன்னு காலே சார்கிட்ட சொன்னது நான்தான்.