மூத்தவன் பிரித்த பாகம்

அன்று அங்கே இருந்தவர்கள்: பிரபு எபர்வின், அப்பா இறந்த பிறகு நாட்டைக் கட்டி ஆள்பவன். அவன் மனைவி ரிக்கில்டா. அவன் தம்பி கெப்ஹார்ட், இன்னும் கல்யாணம் ஆகாதவன். வாசற்கதவருகே சாட்சிக்கு நின்ற மூன்று வீரர்கள்; கிணற்றடியில் தாழ்ந்த குரலில் பேசினால் அவர்களுக்குக் கேட்காது. பிரபுவின் மகன் விகாண்ட் கோபுரத்தின் உச்சியில் இருந்தான், அவனைக் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை. இடம் கிரேன்ஸ்டைன், பாறை மேல் இருக்கும் கோட்டை, அதன் கிணற்றடி. நவம்பரில் மார்ட்டின் திருநாள் முடிந்த வாரம், பகல் வேளை.

— இன்னும் எத்தனை தடவை எட்டிப் பார்ப்பீங்க? பார்த்தா ஊறிடுமா?

— இறங்கிட்டே இருக்கு ரிக்கில்டா. காலையில அந்தக் கறுப்புக் கல் வரைக்கும் நின்னுச்சு. இப்பக் கல்லு மொத்தமா வெளிய தெரியுது.

— பாறை குடிக்குது, குடிக்கட்டும். உங்க தம்பி வந்து ஒரு வாளி இறைச்சுப் பார்க்கிற வரைக்கும் நின்னாப் போதும்.

— சத்தம் கேட்கக் கூடாதுன்னு கழுதைங்க குளம்புக்கு நானே சாக்குக் கட்டினேன். இந்த நாட்டுப் பிரபு. ஆத்துத் தண்ணியைப் பழைய பீர் பீப்பாய்ல ஏத்திக்கிட்டு வந்து, தாத்தா தோண்டின கிணத்துல திருட்டுத்தனமா ஊத்திக்கிட்டு இருக்கேன்.

— எடுத்தாத்தான் திருட்டு. நீங்க ஊத்தினீங்க.

— அது இல்ல விஷயம்.

— பின்ன எது? கேளுங்க. மூத்தவன் பிரிக்கணும், இளையவன் எடுக்கணும். உங்க வம்சத்து வழக்கம், நான் கண்டுபிடிக்கல. ஊருக்கு ஊர், காட்டுக்குக் காடு, சரியாப் பிரிச்சிருக்கீங்க. இதோ ரெண்டு கையுறை. இதுல கிரேன்ஸ்டைன் மண்ணு, அதுல பள்ளத்தாக்குல இருக்கிற வைடன்ஹோஃப் மண்ணு. எது வேணுமோ அவரே எடுக்கப் போறார். நீங்க கையைப் பிடிச்சா திணிக்கிறீங்க?

— அவன் எதை எடுப்பான்னு நமக்குத் தெரியும்ல.

— தெரிஞ்சா அது உங்க குத்தமா? சின்ன வயசுல இருந்து இந்தக் கோபுரம்னா அவருக்கு உயிர். திராட்சைத் தோட்டமும் மாவு ஆலையும் மீன்குட்டையும் இருந்தாலும் வைடன்ஹோஃப் அவர் கண்ணுக்கு மாட்டுக்கொட்டகைதான்.

— அப்பா படுத்த படுக்கையில இருந்தப்ப, தேவாலயத்துல வெச்சிருக்கிற புனிதரோட எலும்பு மேல கை வெச்சு சத்தியம் பண்ணினேன். நேர்மையாப் பிரிப்பேன்னு.

— பிரிச்சீங்கல்ல?

— கோடையில பக்கத்து நாட்டை ஆள்ற பிஷப்போட படை வரும். அவருக்கு வேண்டியது இந்தப் பாறைதான், கீழ போற சாலையை இங்க இருந்துதான் மறிக்க முடியும். சுத்தி வளைச்சு உட்கார்ந்துட்டா, மழைத் தொட்டியில இருக்கிற தண்ணி எத்தனை நாளைக்கு வரும்? அவன் நாக்கு வறண்டு சாவான்.

— இல்லைன்னா நீங்க சாவீங்க. நானும். யாராவது ஒருத்தர் இங்க இருந்துதானே ஆகணும்?

— அப்ப உதவிக்குப் போகவாவது செய்யணும்.

— போனா பிஷப் அடுத்து நம்ம வாசல்ல வந்து நிப்பார். உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடுவோம். உங்களுக்குத்தான் அடிக்கடி வருமே. இப்ப ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பையனைக் கூட்டிக்கிட்டுப் போகணும். ஈஸ்டர்ல இருந்து சித்தப்பா கூடத் தங்கி வாள் பிடிக்கக் கத்துக்கிட்டது போதும். கிறிஸ்துமஸுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறோம், திருப்பி அனுப்பல. வண்டியில அவனுக்குக் கம்பளி கூடப் போட்டு வெச்சிருக்கேன்.

— கிணத்துக்காரன்? கிணறு வத்தினது அவனுக்குத் தெரியுமே.

— ஓர்ட்லீப்பா? புதுச் செருப்பு, ரொட்டி, வழிச்செலவுக்குக் காசு எல்லாம் கொடுத்து, தூரத்து ஆஹன் தேவாலயத்துக்கு யாத்திரை அனுப்பினீங்களே. அவன் பாவத்தையும் சேர்த்துக் கழுவிக்கிட்டு மெதுவா வரட்டும். முகத்தைத் துடைங்க. வர்றார்.

— என்ன அண்ணா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? நாட்டைப் பிரிக்கிறதுக்கே இப்படின்னா, அண்ணி உன்னை விட்டுட்டுப் போனா என்ன ஆவ?

— ராத்திரி சரியாத் தூங்கல தம்பி.

— நானும்தான். உன் பையன் தூங்க விட்டாத்தானே. கோபுரத்துல இருந்து குதிச்சா சிறகு முளைக்குமான்னு கேக்கிறான். யார் சொன்னாங்கன்னு கேட்டா, எங்க அப்பா சின்ன வயசுல குதிச்சாராம். குதிச்சியா நீ?

— வைக்கோல் மேல. நீதான் தள்ளி விட்ட.

— சரி, போகட்டும். இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன். கயிறு நீளமா விட வேண்டியிருக்கே.

— எப்பவும் ஆழக் கிணறுதானேடா.

— ஆமாமா. என்ன அண்ணி, தண்ணியில பீர் வாசம் வருது?

— வாளி மாத்தியிருப்பாங்க. இங்க வேலைக்காரங்களுக்கு எது எதுல ஊத்துறதுன்னு விவஸ்தை கிடையாது.

— நல்லாத்தான் இருக்கு. தினம் இப்படியே வந்தா துறவி மடத்துல இருந்து ஆள் வந்து வரிசையில நிப்பாங்க. அண்ணா, எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கிறேன். நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

— என்ன இருக்கு?

— எனக்கென்ன தெரியும். நாட்டை ஆண்டது நீ. நான் குதிரை மேல சுத்தினவன். எந்த ஊர்க்காரன் முரடன், எந்தச் சுவர் இடியும், அந்த மாதிரி.

— வடக்குச் சுவர்ல கொஞ்சம் விரிசல் இருக்கு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— சரி. அப்ப நீயே எடுத்துக் கொடு.

— என்னது?

— கையுறையை. வழக்கப்படி நான்தான் எடுக்கணும், தெரியும். சாட்சி நிக்கிறவங்களும் கேட்டுக்கட்டும், எனக்குப் பதிலா என் அண்ணனே எடுத்துக் கொடுக்கிறார். அப்பா இருந்தா அவர்கிட்டதான் கேட்டிருப்பேன். இப்ப நீதானே எனக்கு அப்பா.

— அது முறை இல்லடா. நீ எடு.

— ஏன், ரெண்டும் சரி பாகம்தானே?

— சரி பாகம்தான். அது இல்ல விஷயம்.

— பின்ன எது?

— என்னங்க, ஆசைப்பட்டுக் கேக்கிறார். அவருக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுங்க.

— கெப்ஹார்ட், நீயே எடுடா. கெஞ்சிக் கேக்கிறேன்.

— இதுக்கு எதுக்குக் கெஞ்சணும்? எனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதைக் கொடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

— இந்தா.

— கிரேன்ஸ்டைன்.

— உனக்கு இந்தக் கோபுரம் பிடிக்கும்ல.

— பிடிக்கும். எல்லாரும் பார்த்துக்கிட்டீங்கல்ல? என் அண்ணன் அவர் கையால கொடுத்தது. சாவியையும் கொடு. அப்புறம் வழக்கம் என்னவோ அதை முடிச்சிடலாம், விட்டுக் கொடுத்தவன் அன்னைக்கே வெளிய போகணும். வாசப்படி வரைக்கும் கூடவே வர்றேன். வாங்க அண்ணி, பார்த்து, கல்லு வழுக்கும்.

— தம்பி, விகாண்டைக் கூப்பிடுங்க. கிறிஸ்துமஸுக்கு அவனைக் கூட்டிட்டுப் போறோம். வாத்து வறுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

— இங்கேயும் வாத்து இருக்கு அண்ணி. அண்ணன் எனக்கு இவ்வளவு பெருசாக் கொடுத்திருக்கார், நான் சும்மா இருக்கலாமா? எனக்குப் பிள்ளை இல்ல. இந்த மூணு பேர் முன்னாடி சொல்றேன், எனக்கு அப்புறம் கிரேன்ஸ்டைன் விகாண்டுக்குத்தான். இனிமே அவன் இங்கேயே வளரட்டும்.

— ஒரு மாசம் அனுப்புங்க. ரெண்டு வாரம்.

— தன் கோட்டையை விட்டு அவன் எதுக்குப் போகணும்? படி தாண்டுங்க அண்ணி. நீயும் தாண்டு அண்ணா. ஆச்சு. முடிஞ்சது.

— கோடைக்கு முன்னாடியாவது அவனை அனுப்புடா.

— ஏன், கோடையில என்ன?

— இங்க மேல வெயில் அதிகம்.

— போன கோடையில நீயே இங்கதானே இருந்த. ஒண்ணும் ஆகலையே.

— என்னங்க, சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க. பையன் உள்ள இருக்கான். சொல்ல மாட்டீங்களா? தம்பி, அந்தக் கிணத்துல தண்ணி இல்ல. நாங்கதான் ஆத்துல இருந்து கொண்டு வந்து ஊத்தினோம். செத்த கிணறு அது.

— தெரியும் அண்ணி.

— என்ன தெரியும்?

— ஓர்ட்லீப் ஆஹனுக்குப் போகல. மார்ட்டின் திருநாள் அன்னைக்கு என் வேட்டை மனைக்கு வந்து, கிணறு வத்தினதைச் சொன்னான். அண்ணன் கொடுத்த செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நின்னான். போட்டுக்க மனசு வரலையாம்.

— தெரிஞ்சுமா என்னை எடுத்துக் கொடுக்கச் சொன்ன?

— கேட்டேனே அண்ணா. தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கான்னு. நீ சுவர்ல விரிசல்னு சொன்ன. அப்பவும் விடல, முடிவை உன் கையிலேயே கொடுத்துப் பார்த்தேன். நீ அந்த இன்னொரு கையுறையை எடுத்திருந்தா, பாகமே வேணாம், சேர்ந்தே ஆள்வோம்னு சொல்லியிருப்பேன். சொல்றதுக்குத்தான் வந்தேன்.

— செஞ்சது பாவம். ஒத்துக்கிறேன். பையனை விட்டுடு கெப்ஹார்ட். அவனுக்குப் பதிலா நான் உள்ள இருக்கேன். நான் சாகிறேன்.

— நீ உள்ள இருந்தா தண்ணி யார் கொண்டு வர்றது?

— தம்பி, அவன் குழந்தை.

— நான் குடிக்கிறதுல பாதி அவனுக்கு அண்ணி. அதுக்கு மேல என்கிட்ட இல்ல. கதவைச் சாத்துங்கப்பா. பூட்டுங்க. கோடையில பிஷப் படையைப் பிளந்துக்கிட்டு அண்ணன் தண்ணியோட வருவார், காய்ச்சலே வராது அவருக்கு. அப்பத் திறந்துக்கலாம்.