பதினோரு நிமிட அமைதியும் மூன்று விலைகளும்

காப்பிக் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கும் கண்ணியத் தலைவி ஃப்ரௌகே அவர்களே! கம்ப்யூட்டர் சங்கத்தைக் கட்டிக்காக்கும் மூத்தோரே! விளையாட்டை நிறுத்தச் சொல்லியே தொண்டை வற்றிய தாய்மாரே! கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் என் ஆருயிர் எதிரி ஹெப்போவே! டெல்ஃப்சைல் துறைமுகத்தின் உப்புக்காற்றே, உனக்கும் வணக்கம்!

இந்தக் கரைக்கு முதல் கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்து வந்தவன் நான். வழியில் இரண்டு பசுக்கள் எழுந்து நின்று மரியாதை செய்தன. சிரிக்காதீர்கள்! ஒரு பசு இன்னும் உயிரோடிருக்கிறது, போய்க் கேளுங்கள்.

நம் ரென்ஸ்கே, கடலேற்ற நேரம் சொல்லும் புரோகிராம் எழுதினாள். கடல் வற்றும்போது சேற்றில் நடந்து தீவுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் காலெடுத்து வைக்கிறார்கள். ஒலிநாடாவில் விலை இருபது கில்டர், ஃப்ளாப்பி வட்டில் நாற்பத்தைந்து, சிப் என்கிற சில்லில் தொண்ணூறு.

“ஒரே புரோகிராமுக்கு மூணு விலையா? ஒரே விலை வை, இல்லேன்னா சங்கச் சந்தையிலேருந்து உன் மேசையைத் தூக்கு!” இது ஹெப்போவின் தீர்மானம். மேசை போனால் அடுத்த ஆண்டுக் கடலேற்றக் கணக்கை எழுதமாட்டேன் என்கிறாள் ரென்ஸ்கே.

நிலா ஒன்றுதானே? மீன்தொட்டியில் மிதக்கும் நிலாவும், கால்வாயில் கிடக்கும் நிலாவும், கடலில் கரையும் நிலாவும் ஒன்றாகவா இருக்கின்றன?

நாடாவில் புரோகிராம் கடலைப் போலத் தூங்குகிறது. எழுப்பினால் இரைந்து, கீச்சிட்டு, புரண்டு படுத்து, பதினோரு நிமிடம் கழித்தே கண் திறக்கும். நாடா மலிவு. வெற்று வட்டே விலை அதிகம். அவற்றை, அடுப்பில் கடுகு சூப் கொதிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்து சோதிக்க வேண்டும். சில்லில் ஒரு பிழை வந்தாலோ, புறஊதா விளக்கின் கீழ்க் கிடத்தி, நினைவையெல்லாம் அழித்து, மறுபடி முதலிலிருந்து!

“யாருக்கய்யா வேணும் சில்லு?” என்கிறது ஒரு குரல். மீட்புப் படகோட்டி ஏய்ல்கோவுக்கு! ஏப்ரலில், பட்டப்பகலில், மூடுபனி இறங்கியது. சேற்றில் பதினான்கு பேர். என் கண்ணுக்கு நாற்பது.

“ரென்ஸ்கே அக்கா, தண்ணி ஏறுது, உங்க டேப்பு இன்னும் பாடிக்கிட்டே இருக்கு!”

“பதினோரு நிமிஷம்டா, பொறு.”

“அதைக் கடல்கிட்ட சொல்லுங்க!”

ஏய்ல்கோ உத்தேசமாகவே படகை விட்டான். இடுப்பளவு நனைந்து எல்லோரும் கரை சேர்ந்தார்கள். அந்த வாரமே முதல் சில்லு பிறந்தது; பொத்தானைத் தொட்டதும் கடல் பதில் சொன்னது. தொண்ணூறு கில்டர், அந்தப் பதினோரு நிமிடத்தின் விலை!

விலையில்லாமலும் தந்தாளே! ஞாயிறுதோறும் வானொலியில் அந்த இரைச்சல் காற்றேறி, கூரையேறி, கனவேறி வீடுவீடாய் வந்ததே! அந்த இரைச்சலை நாடாவில் பிடித்தால் போதும், புரோகிராம் இலவசம்! ஹெப்போவும் வானொலி முன் ரெக்கார்டர் மைக்கை வைத்துப் பிடித்தார். பிறகு ரென்ஸ்கே வீட்டு வாசலில் நின்றார்.

“உங்க புரோகிராம் ஓடலம்மா.”

“போட்டுக் காட்டுங்க... இதென்ன நடுவுல விசில்?”

“கெட்டில்.”

“கடல் கெட்டில்லயா ஏறுது? அடுத்த வாரம் அதை இறக்கி வைங்க.”

மூன்று ஞாயிறு, மூன்று விசில். நான்காம் வாரம் முணுமுணுத்தபடி வட்டு வாங்கினார்!

அன்பர்களே, காற்றில் வருவதற்கு எடையில்லை. அது வந்தமரும் கூட்டுக்கு எடையுண்டு, அதை விரைந்து எழுப்பும் கைக்கு உழைப்புண்டு. ஒரே விலை வைத்தால், நாடாக்காரனுக்குக் கதவு அடைபடும். அல்லது ரென்ஸ்கேயின் விளக்கு அணையும். எது வேண்டும் உங்களுக்கு?

வாக்கெடுப்புக்கு முன் அந்த நாடாவை ஒலிபெருக்கியில் போடுகிறேன், ரென்ஸ்கே சம்மதித்துவிட்டாள். ரெக்கார்டர்களை எடுங்கள். பதினோரு நிமிடம் மூச்சடக்குகிறவருக்கு இலவசம்!

என்ன ஹெப்போ, எழுந்துவிட்டீர்? எங்கே... அடுப்படிக்கா? கெட்டிலை இறக்கவா! தலைவி அவர்களே, தீர்மானமும் அதோடு இறங்கிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. கடல் பேசப்போகிறது, வணக்கம், இனி யாரும் இருமாதீர்கள்!