சகலையோட படகு

விடிகாலை நாலரை மணி. படகுத்துறைக்குப் போற ரோடு... ரெண்டு பக்கமும் பூட்டின கொட்டகைங்க. ஒரு நாய்கூட இல்ல. அதுல தன்னந்தனியா ஒரு ஆள், சட்டைக்குள்ள கத்திய ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் போறார்.

என்கூட வேலை பாக்குறவனோட சித்தப்பா அவர். பல் டாக்டர். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, இது சத்தமா சொல்ற கதை இல்ல.

பாய்மரப் படகுன்னா அவருக்கு உசுரு. கிளப்புலயே புதுசு, பளபளன்னு வெள்ளையா, அவரோடதுதான். அந்த வருஷம் போட்டிக்குப் பழைய படகுகளையும் கூப்பிட்டிருந்தாங்க. அவரோட சகலை, கடிகாரம் ரிப்பேர் பண்றவர், எங்கயோ மக்கிக் கிடந்த எண்பது வருஷத்துப் படகு ஒண்ண வாங்கி, நாலு வருஷம் இழைச்சு இழைச்சுச் சரிபண்ணிக் கொண்டுவந்து நிறுத்திட்டார். ஊசி மாதிரி ஒல்லி. ரெட்டைப் பாய்மரம். செங்காவிப் பாய். பழைய சொந்தக்காரர் சாகிற வரைக்கும் வேற யாரையும் அதுல ஏறவிட்டதில்லையாம்.

போட்டிக்கு முந்தின சாயங்காலம், கூட்டம் பூரா அதச் சுத்தித்தான். டாக்டர் படகுகிட்ட ஈ காக்கா இல்ல. ஒருத்தர் வந்தார்... "சார், உங்க படகு மறைக்குது, கொஞ்சம் தள்ளிக்கட்டுறீங்களா"ன்னார், கையில கேமரா. அதுகூடப் பரவாயில்ல. டாக்டர் பொண்டாட்டி, அவர் படகுல ஒருநாளும் கால் வெக்காதவ, அக்கா புருஷன் படகத் தடவித் தடவிப் பார்த்து, "என்ன அழகு மாமா"ன்னா. அங்கதான் இவருக்கு வயிறு பத்திக்கிச்சு.

பெருசா ஒண்ணுமில்ல. பாய ஏத்துற கயித்தப் பாதி அறுத்துவிட்டா, நடுப்போட்டியில பாய் தொப்புன்னு விழும். சகலை மூஞ்சியும் விழும். அவ்வளவுதான் ஆசை.

அந்த விடிகாலையில சகலை படகுல ஏறினார். கயிறு மரத்துல மோதுற சத்தம் மட்டும்... டிக்... டிக்... குனிஞ்சு அறுக்க ஆரம்பிச்சார். பாதி வந்தப்போ மூட்டுவலித் தைல வாசனை அடிச்சுது. பக்கத்துலயே.

"அது அறுந்தா பாய்தான் விழும்."

பின்னாலேர்ந்து. கோவமே இல்லாத கிழட்டுக் குரல்.

"மரம் விழணும்னா மேல போகணும்."

திரும்பினார். யாருமில்ல. ஆனா படகு... ஒரு ஆள் எழுந்திரிச்சா ஒரு பக்கம் லேசா சாயும் பாருங்க, அப்படிச் சாஞ்சு நிமிர்ந்துச்சு.

எப்படி வீடு வந்து சேர்ந்தார்னு அவருக்கே தெரியல.

ஒம்பது மணிக்குப் போட்டி. கரையில நின்னவர் கண்ணு முன்னாடியே, பொண்டாட்டி அவ அக்கா கையப் புடிச்சுக்கிட்டு அந்தப் படகுல ஏறினா. "இன்னிக்கு நானும் போறேங்க"ன்னா. அப்பவும் அவருக்கு முதல்ல வந்தது பயம் இல்ல, பொறாமைதான்... இதச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைஞ்சிடுமாம். அப்புறம்தான் ஓடினார்.

"இறங்கு. நான் கயித்த அறுத்து வெச்சிருக்கேன்."

அத்தனை பேர் முன்னாடி சொன்னார். சகலை கயித்தத் தடவிப் பார்த்தார். "ஏன் சகலை?"ன்னு மட்டும் கேட்டார்.

அவ இறங்கல. புருஷனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. தலையில என்னமோ பொடியா விழுந்துச்சு. தட்டிவிட்டா. மறுபடி விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா... கயித்து நார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. முப்பதடி உயரம். வெயில் சுள்ளுன்னு அடிக்குது. மேல யாருமில்ல. மரத்த இழுத்துக் கட்டியிருந்த கயிறு, ஒவ்வொரு புரியா... நிதானமா... அறுந்துகிட்டு இருந்துச்சு.

சகலை, அக்கா, தங்கச்சி, மூணு பேரும் கரைக்குத் தாவினாங்க.

அப்புறம் ஒரு நார்கூட விழல.