உஹதுக்குப் பிறகும் கேட்கச் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டீச்சரக்காவின் கணவர் மருந்துக்கடை மாமா அவர்களே, பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு ஓடத் தோதாகக் கதவோரம் இடம்பிடித்திருக்கும் என் போன்ற தாய்மார்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் அமைதி நிலவட்டும்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் டீச்சரக்காவுக்கான இந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேசாமல் இருந்தால், இரவு படுத்தால் தூக்கம் வராது.

அவர் யார்? கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். இந்தப் பள்ளிவாசலின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்கு இஸ்லாமிய வரலாறு சொல்லித் தந்தவர். நான் கணக்குப் படித்தவள். அந்த வகுப்பில் என் வேலை பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பது மட்டும்தான்.

என் மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து முகம் சிவந்து வந்தாள். முஸ்லிம்களைப் பற்றி யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். "உம்மா, நாம ஜெயிச்சவங்களா, தோத்தவங்களா?" என்றாள். ஒரு பக்கம் கைப்பேசியில் வாளும் குதிரையுமாக வீரம் காட்டும் படங்கள். மறுபக்கம் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சுகள். நடுவில் என் பிள்ளை! நான் எதைச் சொல்வேன்? அவளைக் கையோடு டீச்சரக்காவிடம் கூட்டிப்போனேன்.

"ரெண்டும்தான்டி தங்கம். ஜெயிச்சிருக்கோம், தோத்தும் இருக்கோம். அதுக்கப்புறம் எப்படி நடந்துக்கிட்டோம்? அதைக் கேளு" என்றார்.

அவருடைய வகுப்பே அப்படித்தான். யாருக்கும் வீரர் வேடம் கிடையாது! உஹதுப் போர் பாடமென்றால் எல்லாரும் குன்றின்மேல் நிறுத்தப்பட்ட வில்லாளிகள்தான். "வென்றாலும் தோற்றாலும் இறங்காதீர்கள்" என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருந்தும், வெற்றி வந்துவிட்டதென்று நினைத்துப் பெரும்பாலோர் இறங்கி, கைக்கு வந்த வெற்றியைத் தோல்வியாக்கினார்களே, அந்த வில்லாளிகள். தலைவரின் பேத்தி ஒருமுறை எழுந்து நின்று, "அக்கா, சத்தியமா நான் எறங்கியிருக்கவே மாட்டேன்!" என்றாள்.

"அப்படியா? போன வாரம் குழாய்கிட்ட நில்லு, வாளி நெறஞ்சதும் மூடுன்னு உன்கிட்ட சொன்னேன். வெளிய பந்துச் சத்தம் கேட்டதும் பறந்தது யாரு?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று அந்த வில்லாளிகளைக் கேவலமாகப் பேச ஒரு பிள்ளைக்கும் வாய் வரவில்லை. வரலாறு என்பது பிறருக்குத் தீர்ப்புச் சொல்ல அல்ல, நம்மைப் பார்த்துக்கொள்ள என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

முன்னோர் கட்டிய நூலகங்களைப் பற்றி நாம் பெருமை பேசினால் விடுவாரா? "அதைக் கட்டுனது அவங்க. உங்க வீட்டுல அலமாரி இருக்கா? அதுல புடவையைத் தவிர வேற என்ன இருக்கு?" என்பார்.

பெரியோர்களே, போன மழைக்காலம் நினைவிருக்கிறதா? வாசிப்பு அறையை எங்கே வைக்கலாம் என்று நிர்வாகம் அதற்கு முன்னால் பெண்களிடம் கேட்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் மாடியேற வேண்டாமே என்று, கீழே பின்னறையில் வைக்கச் சொன்னோம். மழை வந்தது. சாக்கடை நீர் உள்ளே ஏறியது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப் போயின. செயலாளர் கோபித்துக்கொண்டார்: "பொம்பளைங்க பேச்சைக் கேட்டா இப்படித்தான். இனிமே இவங்களைக் கேக்குற வேலையே வேண்டாம்."

டீச்சரக்கா முன்னால் வந்து நின்றார்.

"தப்பு எங்களோடதுதான் பாய், மறுக்கல. ஆனா உஹதுல என்ன நடந்துச்சு? ஊருக்குள்ளயே இருந்து காப்போம்னுதான் நபிகளுக்கு மனசு. வெளிய போவோம்னு நெறையப் பேர் ஆசைப்பட்டாங்க. அவங்க பேச்சைக் கேட்டுத்தான் நபிகளும் போனாங்க. எழுபது பேர் உயிரைக் கொடுத்து ஷஹீதானாங்க, நபிகள் சொந்தச் சிறிய தந்தையையே இழந்தாங்க. அதுக்கப்புறம் என்ன கட்டளை வந்துச்சு? இனிமே இவங்களைக் கேக்காதீங்கன்னா வந்துச்சு?"

அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், மறுபடியும் அவர்களோடு கலந்து ஆலோசிக்கவும் அல்லவா இறைவன் கட்டளையிட்டான்! தோற்ற பிறகும் கேள் என்ற கட்டளை! அவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் மூடாத கதவை, சில புத்தகங்கள் நனைந்ததற்கு நாம் மூடலாமா?

தலைவர்தான் முதலில் சிரித்தார். "சரிம்மா, இப்ப எங்க வைக்கலாம், நீயே சொல்லு" என்றார். அக்கா விட்டாரா? "என்கிட்ட மட்டும் கேட்டா எப்படி மாமா? எல்லாரையும் கூப்பிடுங்க!" கூப்பிட்டார்கள். பேசினோம். அறை அங்கேயே இருக்க, வாசற்படியை உயர்த்திக் கட்டினோம். இந்த மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

சற்று முன்பு செயலாளர் ஓர் அறிவிப்புச் செய்தார். மார்க்கக் கல்வி முடித்த தகுதியான ஆலிம் கிடைக்கும்வரை சனிக்கிழமை வகுப்பு நிறுத்தப்படும், அக்காவின் பெயரை எழுதி அறை பூட்டி வைக்கப்படும் என்றார். மரியாதை செய்யும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அறிவேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இதை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்? பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?

ஆலிம் வரட்டும், தலைமேல் வைத்துக் கொண்டாடுவோம். அதுவரை என் மகளின் கேள்விக்கு யார் பதில் சொல்வது? பூட்டா?

எனக்கு வரலாறு தெரியாது. அக்கா போனதிலிருந்து இந்த வாரம் முழுக்கப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படிக்கிறேன். படிக்கப் படிக்கத் தெரியாதது கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பயமாக இருக்கிறது. ஆனால் வருகிற சனிக்கிழமை நான் வகுப்பெடுக்கிறேன். கதவோரத்துச் சகோதரிகளே, நீங்களும் வாருங்கள். ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் இமாமிடம் ஓடிப்போய்க் கேட்போம்.

இறைவா, எங்கள் டீச்சரக்காவின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய மண்ணறையை ஒளியாக்குவாயாக!

நிர்வாகத்தாரே, நாங்கள் நிச்சயம் எங்காவது தவறுவோம். தவறினால் திருத்துங்கள், கண்டியுங்கள். அடுத்த முடிவுக்கு உட்காரும்போது மட்டும், எங்களுக்கும் ஆள் அனுப்புங்கள்.