பழசுதான் நல்லா இருந்துச்சு

மணி பதினொன்று தாண்டியிருக்கும். பைபாஸிலிருந்து பிரிந்து ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ரோடு... ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கம்பி வேலி. வீடு கிடையாது, கடை கிடையாது. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், எதுவும் எரியவில்லை. அந்த ரோட்டில் அப்போது ஒரே ஒரு கார்தான் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது எனக்கு இல்லை. என் ஆபீஸ் தோழியின் நாத்தனாருக்கு. இவ்வளவு நேரம் பழைய படமா, ரீமேக்கா என்று அடித்துக்கொண்டீர்களே... அதைக் கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

அந்த நாத்தனார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. கணவனுக்கு வெளியூரில் வேலை. சாயங்கால ஷிப்ட் வந்தால் மகளை மாமியார் வீட்டில் விட்டுவிடுவாள். வேலை முடிந்ததும் போய், தூங்குகிற குழந்தையை அப்படியே தூக்கிக் காரின் பின் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, வீட்டுக்குக் கூட்டிவருவாள். அன்றைக்கும் அப்படித்தான்; குழந்தையின் முடி கலைந்து முகமெல்லாம் விழுந்து கிடந்தது.

வழியில் கண் அசந்துவிடக் கூடாது என்று போன் போட்டு வைத்துக்கொள்வாள். ஒரு முனையில் என் தோழியும் அவள் கணவரும். அவர் நாத்தனாருக்குக் கூடப்பிறந்த அண்ணன். இன்னொரு முனையில் அவர்களுடைய சித்தி மகன். அவனை வீட்டில் ‘ரிவ்யூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். டீ கொடுத்தால்கூட, முதல் பாதி பிரமாதம், இரண்டாம் பாதியில் சூடு இல்லை என்பான். போன் காரோடு இணைந்திருந்ததால் எல்லார் குரலும் காருக்குள் நான்கு பக்க ஸ்பீக்கரிலும் வரும். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

அன்றைக்குப் பேச்சு ஒரு பேய்ப் படத்தைப் பற்றி. பழைய படம் கறுப்பு வெள்ளை. ஆளில்லாத ரோட்டில் ஒருத்தி கை காட்டுவாள். கார் ஓட்டிவரும் அம்மா பாவம் பார்த்து ஏற்றிக்கொள்வாள். ஏறியவள் பின்னால், தூங்கும் குழந்தை பக்கத்தில் உட்காருவாள். வீடு வந்து திரும்பிப் பார்த்தால் அவளும் இருக்கமாட்டாள், குழந்தையும் இருக்காது. அத்தோடு படம் முடிந்துவிடும். ரீமேக்கில் முடிவை மாற்றிவிட்டார்கள். அம்மா கெஞ்சிக் கதற, பேய் மனமிரங்கித் தனியாக இறங்கிப் போய்விடும்.

“புதுசுல அது பேயா? மாவு மில்லுலேர்ந்து நேரா வந்த மாதிரி இருக்கு,” என்றான் ரிவ்யூ.

எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். அப்போது காரில் ஒரு சத்தம்... டிங்... டிங்... டிங். யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் வருமே, அது. குழந்தை கழற்றிவிட்டதோ என்று கண்ணாடியில் பார்த்தாள். இல்லை. பெல்ட் அப்படியே இருந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்து நல்ல தூக்கம். பக்கத்தில் வைத்த கைப்பையின் கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ‘க்ளிக்’ என்று ஒரு ஓசை. டிங் நின்றுவிட்டது. அவள் மனம் பேச்சில் இருந்தது.

“எனக்கும் பழசுதாண்டா. புதுசுல முடிவு சப்புன்னு இருக்கு. அவ்வளவு தூரம் கூட வந்தவ சும்மா இறங்கிப் போயிடுவாளா?” என்றாள்.

“அதேதான் நானும் சொல்றேன்,” என்றது ஒரு குரல்.

பெண் குரல். வயதானது, கொஞ்சம் கரகரப்பு. ரிவ்யூவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவனுடைய மாமியார் போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நாத்தனார் நினைத்தாள். மரியாதையாகவே கேட்டாள்.

“நீங்க பழைய படம் பாத்திருக்கீங்களாம்மா?”

“பாத்ததில்ல. அவ்வளவு நேரம் பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு வந்தவளுக்கு மனசு எப்படி இருக்கும்? விட்டுட்டுப் போன்னா போயிடணுமா?”

“அதானே,” என்றாள் நாத்தனார்.

“நீயும் பழசுதான்னு சொன்னே?”

“ஆமாம்மா. பழசுதான் நல்லா இருந்துச்சு.”

அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை. காருக்குள் ஒரு வாசனை மட்டும் வந்தது. பெட்டிக்குள் பல வருஷம் மடித்து வைத்த துணியை எடுத்து உதறினால் வருமே... அந்துருண்டையும் பழைய துணியும் கலந்த வாசனை. நாத்தனார் ஜன்னலை லேசாக இறக்கினாள்.

அப்போதுதான் என் தோழி கேட்டாள். “கூட வர்றவங்க நல்லா பேசுறாங்களே. உங்க ஆஸ்பத்திரியா?”

“என்கூடவா? என்கூட யாரு? அது ரிவ்யூவோட மாமியார்தானே?”

ரிவ்யூதான் பேசினான். குரலில் விளையாட்டு இல்லை. “அக்கா... எங்க மாமியார் இங்க இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன். அந்தக் குரல் உங்க வண்டிலேர்ந்துதான் வருது. அவங்க பேசறப்போ பின்னாடி உங்க இன்ஜின் சத்தம் கேட்டுச்சு.”

நாத்தனாருக்கு ஆக்சிலேட்டரில் இருப்பது தன் கால்தானா என்றே தெரியவில்லையாம். கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அதை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டாள். பார்த்துவிட்டால் படத்தில் வருவது போல ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். நிறுத்தவும் பயம். இருட்டில் நிறுத்தி எந்தக் கதவைத் திறப்பது?

“எங்க இருக்கே? போனை வைக்காத, நாங்க கிளம்பிட்டோம்,” என்று அண்ணன் சொல்வது கேட்கிறது. அவளுக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை. தான் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. பழசுதான்... பழசுதான்.

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

“எனக்கு... எனக்குப் புதுசுதான் பிடிச்சிருக்கு,” என்றாள். “நான் தெரியாம சொல்லிட்டேன். குழந்தைய விட்டுட்டுப் போறாளே, அதுதான் நல்ல முடிவு. அவ நல்லவ. அவளுக்கு மனசு இருக்கு.”

தோழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளும், “ஆமா, புதுசுதான் நல்லா இருக்கு,” என்றாள். அண்ணனும் சொன்னார். ஒரு வாரமாக அந்த ரீமேக்கைக் கிழித்துத் தோரணம் கட்டிய ரிவ்யூ, அழுகிற குரலில், “புதுசுதாங்கா. முடிவு ரொம்ப அருமை,” என்றான். மூன்று பேரும் மாறி மாறி அந்தப் படத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் புகழ்ந்திருப்பீர்கள்.

பின்னாலிருந்து மூச்சு விடும் சத்தம் மட்டும். அது குழந்தையின் மூச்சு மாதிரி இல்லை.

பிறகு... ‘க்ளிக்’.

டிங்... டிங்... டிங்.

வளைவு திரும்பியதும் பெட்ரோல் பங்க் வெளிச்சம் தெரிந்தது. வண்டி உள்ளே நுழையும்போது டிங் நின்றுவிட்டது.

உங்கள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அதனால் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், அந்த ராத்திரி எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ரிவ்யூ இப்போது எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், பரவாயில்லை என்று மட்டும் சொல்வான்.

ஆனால் பங்க்கில் நடந்த ஒன்றை நாத்தனார் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. என் தோழியிடம் மட்டும்தான் சொன்னாள்.

வண்டியை வெளிச்சத்துக்குக் கீழே நிறுத்தி, இறங்கி, பின் கதவைத் திறந்தாள். சீட்டில் குழந்தை மட்டும்தான். தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டில் தூக்கும்போது முடி கலைந்து முகமெல்லாம் விழுந்து கிடந்ததே... இப்போது படிய வாரி, பிசிறில்லாமல், இறுக்கமாக ஒற்றைப் பின்னல் பின்னியிருந்தது.

பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். பாதியில் எதுவோ சிக்கியது போல இழுத்தது. பார்த்தாள். பின்னலின் நுனியில் ரிப்பன் இல்லை, ரப்பர் பேண்டு இல்லை. ஒரு வெள்ளை முடியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. நீளமான முடி. அதன் மறுமுனை சீட்டைத் தாண்டி, காருக்குள் வெளிச்சம் படாத அந்த மூலைக்குப் போனது.

எதிலாவது மாட்டியிருக்கும் என்று லேசாக இழுத்தாள்.

உள்ளேயிருந்து... அதே மாதிரி லேசாக... திருப்பி இழுத்தது.