லாக்கில் கயிறு பிடித்தவன்

சாயங்காலம் ஆறே கால். எண்ணூரில் கால்வாய் ஓரமாகப் பழைய லாக்குக்குப் போகிற மண் சாலை... புயல் எச்சரிக்கை என்பதால் ஒரு நாய்கூட இல்லை.

இது என் தோஸ்து தீபனின் மாமா திருமலைக்கு நடந்தது. ஷாலு, இப்போதே பக்கத்தில் ஒண்டிக்கொள். அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுக்காதே.

லாக்கு என்றால், அந்தக் காலத்தில் படகுகளை ஏற்றி இறக்கக் கால்வாயில் கட்டிய மதகு. கதவுகள் எப்போதோ போய்விட்டன. இரண்டு கருங்கல் சுவர்தான் மிச்சம். புயல் வந்தால் நம்மவர்கள் படகைக் கடற்கரையில் விட மாட்டார்கள். உள்ளே கொண்டுவந்து அந்தச் சுவரோரம் கட்டுவார்கள். திருமலைக்கு இருந்தது ஒரே ஃபைபர் படகு. இன்னொன்று போன புயலில் கயிறு அவிழ்ந்து, அடித்துப்போய் உடைந்தது. அவிழ்த்தது அவருடைய பகையாளி, இன்னொரு படகுக்காரன் நீலமேகம்தான் என்று அவர் மனதில் ஒரே முடிவு. சாட்சி கிடையாது. சந்தேகம்தான்... அது போதாதா?

அன்று தனியாகப் படகை ஓட்டி வந்தார். மழை. சேற்று வாடை, டீசல் வாடை. சுவர்மேல் ஒரு ஆள் நின்றான், முகம் மறையத் தலையில் சாக்கு. கையை நீட்டினான்.

கரையில் இருப்பவன் கை நீட்டினால் கயிற்றைப் போட்டே ஆக வேண்டும். பகையாளியாக இருந்தாலும் சரி, அதுதான் நம் வழக்கம். போட்டார். அவன் பிடித்து, படகைப் பதமாகச் சுவரோடு சேர்த்தான். குறை சொல்ல முடியாத வேலை. ஆனாலும் இவருக்கு நீலமேகத்தின் நினைப்புதான் வந்தது.

"நீலமேகமா அது? இன்னாத்துக்குடா மூஞ்ச மூடிக்கினு கீற?"

அவன் குனிந்து கயிற்றை இறுக்கினான். ராத்திரி அவிழ்த்துவிடத்தான் இப்போது கட்டுகிறான் என்று நினைத்தார். போனை எடுத்து நீலமேகத்தின் நம்பரை அடித்தார். சுவர்மேல் மணி கேட்கும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கணக்கு.

சுவர்மேல் எதுவும் கேட்கவில்லை. போனில்தான் நீலமேகம் பேசினான்.

"நான் காசிமேட்டுல கீறேன்பா. இன்னும் வலையே ஏத்தல. இன்னா சமாச்சாரம்?"

பின்னால் அவன் பெண்சாதி மங்கம்மா அவனைத் திட்டுகிற சத்தம் தெளிவாக வந்தது.

திருமலை நிமிர்ந்தார். ஆள் இல்லை. சுவரில் ஏறிப் பார்த்தார். கயிறு எந்த வளையத்திலும் கட்டியிருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கி, சேற்றுக்குள் போனது... விறைப்பாக. லேசாக இழுத்துப் பார்த்தார். உள்ளிருந்து இரண்டு தரம் வெட்டி இழுத்தது. 'இறுக்கிட்டேன்' என்று நாம் சைகை கொடுப்போமே, அதே மாதிரி.

பயந்துதான் போனார். ஆனால் படகை விட மனசு வரவில்லை. வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது அதில்தான். படகுக்குள் குதித்தார், கத்தியால் கயிற்றை அறுத்தார், எஞ்சினைப் போட்டார். படகு நடுக்கால்வாய்க்கு வந்துவிட்டது.

அங்கே நின்றது. எஞ்சின் முழு வேகத்தில் கத்துகிறது, படகு நகரவில்லை. பிறகு மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. எதிலும் கட்டாத படகு.

அவர் தண்ணீரில் குதித்தார். நீந்தி எதிர்க்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தார். படகு அந்தச் சுவரோரம் போய் ஒதுங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது...

அப்புறம், யாரோ அதை அணைத்தார்கள்.